ழ என்றால் 2996

குடியாத்தத்திலிருந்து மாமா போன் செய்தார். அம்மாவின் அண்ணன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கம்ப்யூட்டரில் தமிழில் நான் தட்டிய முதல் கடிதத்தை அவருடைய பேரன் அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறான். வழக்கமாக "சாப்ட்டியா" என்று தொடங்குகிறவர் அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஏம்ப்பா, பழத்தைப் பாத்து நீ ஏன் இப்படிப் பயப்படறே?"

விளங்கவில்லை. அவரே படித்துக் காட்டினார். "இந்த வருசம் மாந்தோப்புல பயம் ஜாஸ்தி. அம்மா வாயப்பயம் கூடச் சாப்பிடறதில்ல. நீ எழுதினதுதான். ஒரு எழுத்தைக் கூட நான் மாத்திப் படிக்கல."

நான் அனுப்பும் முன் நான்கு முறை கேட்டுச் சரிபார்த்த கடிதம் அது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஒவ்வொரு முறையும் 'பயம்' என்று, எங்கள் அம்மா சொல்வது போலவே, அச்சு அசலாகச் சொன்னது. காதுக்குப் பிழையே தெரியவில்லை. 2012ஆம் ஆண்டு, எனக்கு முப்பத்துநாலு வயது, சரித்திரப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவன். பழம் என்ற சொல்லில் ழ இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக் கதை தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். சித்தூர்க்காரர்களுக்குப் படாது. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். அந்த வருஷம் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திரத்தோடு போனது. 1960இல் திருத்தணியைப் பிரித்து மதராஸ் பக்கம் கொடுத்தார்கள். கோடுகள் நகர்ந்துகொண்டிருந்தன, நாங்கள் கிரீம்ஸ்பேட்டையிலேயே இருந்தோம். நைனா வெல்ல மண்டியில் கணக்கு எழுதினார், தெலுங்கில். பேசியது தமிழில். அக்காவும் நானும் படித்தது தெலுங்கு வழியில். வாய்க்கு ஒரு பாஷை, கைக்கு ஒரு பாஷை என்பது எங்களுக்கு வலது கை, இடது கை மாதிரி. வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்த ஒரே ஆள், குடியாத்தத்திலிருந்து மருமகளாக வந்த அம்மா. எட்டாவது வரை படித்தவள். அவளுக்காக வேலூர் பஸ்ஸில் வார இதழ்கள் வரும்.

அந்தத் தமிழும் எங்கள் பக்கத்துத் தமிழ். மழை 'மய', கோழி 'கோயி', கிழவி 'கெயவி'. மேலே எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெருமாள் 'ஏயுமலையான்'. அம்மா பத்திரிகையில் ழ என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாயால் ய என்று படிப்பாள். பார்க்கிறவனுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. கேட்டு மட்டும் வளர்ந்தவனுக்கு ஓர் எழுத்தே காணாமல் போய்விடும்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன் இல்லை. சின்ன வயதில் மாலைக்கண். சாயங்காலம் ஆனால் கிரிக்கெட் பந்து எங்கே போனது என்று தெரியாது, பையன்கள் சிரிப்பார்கள். கேரட்டும் முருங்கைக்கீரையும் ஒரு வண்டி தின்றாகிவிட்டது. பத்தாவது முடித்த பிறகு நைனா வேலூருக்கு, ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகிக்கொண்டு வரும் நோய், மருந்து கிடையாது, என்று டாக்டர் தமிழில் பொறுமையாகச் சொன்னார். பிறகு என் முகத்துக்கு நேராகத் திரும்பி, "படிக்கிறதை மட்டும் விட்டுடாதே" என்றார். அப்போது சுரங்கப் பாதைக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தது. திருப்பதியில் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தபோது அந்த நடுவும் போயிற்று. நான் கடைசியாகக் கண்ணால் படித்தது எது என்று யாராவது கேட்டால் பெரிய புத்தகம் ஒன்றைச் சொல்லத்தான் ஆசை. உண்மையில் அது பாகாலா ஜங்ஷனில் தெலுங்கில் எழுதியிருந்த 'மூத்திரம் போகக் கூடாது'.

அதன்பின் அக்காவின் குரல். பாடப் புத்தகங்களைத் தொண்ணூறு நிமிஷ கேசட்டுகளில் படித்துப் பதிவு செய்து கொடுப்பாள். பாடம் முடிந்து நாடாவில் இடம் மிச்சமிருந்தால் தெலுங்கு நாவல். நாவலில் அங்கங்கே ஓர் இருமல் வரும். ஊருக்குள் வெல்லம் காய்ச்சுகிற புகை, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

திரைவாசிப்பானை முதன்முதலில் கேட்டது 2003இல், திருப்பதி பாலாஜி காலனியில். மாடியில் ஒரு நெட் சென்டர். மதனப்பள்ளிப் பக்கத்து நண்பன், அவனும் பார்வையற்றவன், ஹைதராபாத்திலிருந்து ஒரு குறுந்தகடு கொண்டுவந்திருந்தான். ஜாஸ். அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்ற மோட்டார்சைக்கிள் பந்தய வீரர் 1978இல் கார் விபத்தில் பார்வை இழந்து, பிறகு புரோகிராம் எழுதக் கற்று, கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து 1989இல் வெளியிட்டது. விண்டோஸுக்கு வந்தது 1995இல். இதையெல்லாம் நண்பன் படி ஏறும்போதே, புராணம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தான். விலை சுமார் ஆயிரம் டாலர். அவ்வளவு பணத்தை எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. ஆனால் வாங்காதவர்களுக்கும் ஒரு கதவு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை இயக்கியதிலிருந்து நாற்பது நிமிஷம் இலவசமாகப் பேசும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் அணைத்துத் திரும்ப இயக்க வேண்டும்.

அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி எங்கள் தலைமுறைப் பார்வையற்றவர்கள் யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். இந்தியா முழுக்க எத்தனை எம்.ஃபில். ஆய்வேடுகள் நாற்பது நாற்பது நிமிஷத் துண்டுகளாக எழுதப்பட்டனவோ! முப்பத்தைந்தாவது நிமிஷம் மனசு தானாகவே 'சேவ் செய்' என்று சொல்லும். பழைய கம்ப்யூட்டர் அணைந்து எழ ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வரலாம். சென்டர்காரர் மணிக்கு இருபது ரூபாய் வாங்குவார். அணைத்து எழுப்பும் நேரத்துக்குக் கணக்குப் போட மாட்டார். நல்ல மனுஷர். மற்ற வாடிக்கையாளர்கள்தான் முதல் நாள் திடுக்கிட்டார்கள், ஸ்பீக்கரில் ஓர் அமெரிக்கக் குரல் மூக்கால் பேசியதும். மறுநாள் ஹெட்போன் வாங்கித் தந்தார்.

அன்று நான் ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினேன். குரல் 'சிட்டர்' என்றது. திருப்பதியைத் தட்டினேன். 'டிருபாட்டி'. ஏழு மலையும் அதிர்ந்திருக்கும். ஆனாலும் என் கை நடுங்கியது நினைவிருக்கிறது. தட்டியதில் ஓர் எழுத்து தப்பு. அம்புக்குறி விசையை இடப்பக்கம் ஒவ்வொன்றாக அழுத்தினால் அது எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே பின்னால் போனது. தப்பான எழுத்தில் நின்றேன், அழித்தேன், சரியானதைப் போட்டேன். கேசட் இதைச் செய்யாது. அக்காவிடம் 'அந்தச் சொல்லின் மூன்றாவது எழுத்து என்ன' என்று கேட்கலாம். ஒரு முறை கேட்கலாம், இரண்டு முறை கேட்கலாம், நூறு முறை கேட்க முடியாது. இயந்திரத்துக்கு அலுப்பில்லை. ஆறு வருஷமாக நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்த மாடியில் உறைத்தது.

குரலுக்குப் பழகச் சில வாரம் ஆயிற்று. பிறகு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். அச்சில் ஒரு பார்வையில் ஒரு வரியை அள்ளுகிறீர்களே, அதற்கு ஈடு கொடுக்க வேண்டுமே. நாங்கள் வைத்திருந்த வேகத்தை ஒரு நாள் அம்மா கேட்டுவிட்டு, "இன்னாடா இது, எண்ணெயில கடுகு போட்ட மாதிரி" என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதற்குக் கடுகு என்றே பெயர். "கடுகை நிறுத்திட்டு சாப்ட வா."

ஜாஸுக்குப் பின் என்விடிஏ. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கினார். பணம் உள்ளவனுக்கு மட்டும் கம்ப்யூட்டர் பேசுவது நியாயமா என்பது அவர் கேள்வி. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்துகொண்டார். காசு இல்லை, நாற்பது நிமிஷம் இல்லை. பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகிப் பேச வைக்கலாம். கல்லூரி வேலை கிடைத்துச் சித்தூருக்கும் திருப்பதிக்குமாக பஸ்ஸில் அலைந்த வருஷங்களில் சாவிக்கொத்தோடு அதுவும் என் பையில் இருந்தது. பூதலப்பட்டு தாண்டும்போது ஜூன் மாதத்தில் மாங்கூழ் வாசனை வரும். சந்திரகிரி வந்தால் பஸ்ஸில் யாராவது 'கோவிந்தா' போடுவார்கள். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

என்விடிஏவில்தான் அக்காவின் இருமலுக்கு விடை கிடைத்தது. அவள் படித்துக் கொடுத்த தெலுங்கு நாவல் ஒன்று யூனிகோடில் கிடைத்தது. கேசட் வரி வரியாக மனப்பாடம் எனக்கு. இருமல் வரும் இடத்தில் கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்தான். அடுத்த இருமலில் முத்தம். மூன்றாவது இருமல் இரண்டரைப் பக்கம். வருமான வரிப் படிவத்தை எந்தக் குரலில் படித்ததோ அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், இயந்திரம் அந்த இரண்டரைப் பக்கத்தையும் படித்து முடித்தது. அக்காவிடம் சொன்னேன். "புகைடா அது" என்றாள், பேரன் எடுக்கிற வயதிலும்.

தமிழ் மட்டும் மூடிக் கிடந்தது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற இலவசக் குரலுக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும். ஜோனதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர் எழுதியது. மனிதக் குரலைப் பதிவு செய்யாமல் ஒலியலைகளைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதால் தகரத்தில் தேய்த்த மாதிரி இருக்கும். ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தியும் வேறு பல நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து இந்திய மொழிகளுக்கு மனிதக் குரலிலிருந்து பேச்சொலி செய்து திரைவாசிப்பான்களோடு இணைத்ததைப் பிற்பாடு கேட்டேன். காதுக்கு இதமாக இருந்தது. ஆனாலும் தகரத்திலேயே பழகிவிட்டேன். தெளிவும் வேகமும்தான் எனக்கு வேண்டியிருந்தன.

மாமாவுக்கு எழுதிய கடிதம் அந்தக் குரலை நம்பி எழுதியது. தட்டச்சு கஷ்டமாக இல்லை. இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் க எல்லா இந்திய மொழிக்கும் ஒரே இடம், ஆங்கில கே விசையில். தெலுங்கில் பழகிய விரல் தமிழிலும் அதே இடத்துக்குப் போனது. வாயில் வருவதை விரலில் போட்டேன். எனக்குப் பழத்தின் 'ப' வேறு, அச்சத்தின் 'ப' வேறு. முதலாவதை உதட்டை மெல்லத் திறந்து சொல்வோம், இரண்டாவது வயிற்றிலிருந்து வரும். தெலுங்கில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து என்பதும், அதனால் நான் எழுதியதைப் பார்க்கிற கண்ணுக்குத் தோப்பெல்லாம் அச்சமாகக் காய்த்துத் தொங்கும் என்பதும் கேள்வியால் மட்டும் கண்டுபிடிக்கக் கூடியதா?

மாமா ஒரு யோசனை சொன்னார். "பேசறதை எழுதாதே. எழுதினதைப் பாத்து எழுது." பார்த்து! சொன்ன பிறகு அவரும் ஒரு கணம் மௌனமானார். "சரி, தடவியாவது பாரு" என்றார்.

அப்படித்தான் தடவினேன். மதுரைத் திட்டத்தின் திருக்குறளைத் திறந்தேன். 1998 பொங்கலில் தொடங்கி உலகத்து மூலைகளிலிருந்து தமிழர்கள் உட்கார்ந்து தட்டி ஏற்றி வைத்திருக்கும் நூல்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சீர் பிரித்து எழுதியிருந்ததால் குரல் நடுச் சொல்லில் மூச்சு வாங்கி, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வரியும் பொருளோடு வரவில்லை. பொருள் வேண்டாம், எழுத்து போதும் என்று அம்புக்குறியோடு நடந்தேன். அங்கேயும் ஒரு தொல்லை. ந, ன இரண்டுக்கும் அது ஒரே ஒலி எழுப்பியது. ர, ற அப்படியே. ல, ள, ழ மூன்றும் மலிவு ஹெட்போனில் அண்ணன் தம்பிகள். தமிழ் எழுத்தின் வடிவத்தை நான் கற்றதே இல்லை. ஒலியும் கைவிட்டால் எதை வைத்துப் பிரிப்பது?

எண்ணை வைத்து. என்விடிஏவில் வலப்பக்க எண்பலகையின் 2ஐ ஒரு முறை அழுத்தினால் நிற்கிற எழுத்தைச் சொல்லும். மூன்று முறை தட்டினால் அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணைச் சொல்லும். நிரல் எழுதுகிறவர்களுக்காக வைத்த வசதியாக இருக்கலாம். நான் அதில் அரிச்சுவடி படித்தேன். ந 2984, ன 2985. ர 2992, ற 2993. ல 2994, ள 2995. ழ 2996. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் அரை மணி, இரவில் ஒரு மணி. சொல்லைத் திறந்து எழுத்தை எண்ணாக்கி மனதில் போட்டுக்கொள்வேன். மழை என்பது எனக்கு ம, 2996, ஐகாரக் குறி. யாராவது 'ழகரம் தமிழின் சிறப்பு' என்று மேடையில் முழங்கினால் இன்றும் என் மனதில் முதலில் எழுவது ஒலியும் இல்லை, வடிவமும் இல்லை. நான்கு இலக்கம்.

இங்கே சித்தூர்க்காரனுக்கு மட்டும் கிடைக்கக் கூடிய ஒரு குறுக்கு வழி இருந்தது. யூனிகோடில் இந்திய எழுத்து முறைகளுக்குத் தெருவுக்கு 128 வீடு என்று மனை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மனை வரைபடம் இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்திலிருந்து வந்தது, எல்லாத் தெருவுக்கும் ஒன்றே. தமிழ்த் தெரு 2944இல் ஆரம்பம். அடுத்த தெருவே தெலுங்கு, 3072இல். அதனால் எந்தத் தமிழ் எழுத்தோடும் 128ஐக் கூட்டினால் நேர் எதிர் வீட்டுத் தெலுங்கு எழுத்து வரும். தெலுங்கு எழுத்துகளை நான் கண்ணால் பார்த்தவன். பல வருஷம் ஆகியும் அவற்றின் உருண்டைகள் மனதில் அழியவில்லை. 2993ஓடு 128 கூட்டினேன். 3121. தெலுங்கில் 'பண்டி ற' என்போமே, மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி இருக்குமே, அது. ஓ, நீயா! ள-வும் அப்படியே எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தது.

காலி வீடுகளும் தெரிந்தன. க 2965, அடுத்த தமிழ் எழுத்து ங 2969. நடுவே மூன்று வீட்டில் ஆளில்லை. எதிரே தெலுங்கில் மூவரும் குடியிருக்கிறார்கள். ப-வுக்கு அடுத்தும் மூன்று காலி. அதில் மூன்றாவது, 2989, நான் தெலுங்கில் 'பயம்' என்று எழுதும்போது போடும் எழுத்துக்கு நேர் எதிர். அச்சத்துக்கு உரிய வீடு தமிழ்த் தெருவில் பூட்டிக் கிடக்கிறது, அதனால் அது பழத்தின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. மாமாவிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். ன-வுக்கு 128 கூட்டினால் தெலுங்கில் ஒன்றும் இல்லை. கடைசியில் 2996க்குக் கூட்டினேன். 3124. அங்கேயும் காலி.

எனக்கு அது ஆச்சரியமில்லை, சரித்திரம் படித்தவன். தெலுங்கிலும் ழ இருந்தது. ரேநாட்டுச் சோழர்கள் கடப்பைப் பக்கம் பொறித்த கல்வெட்டுகளில், ஆறாம் நூற்றாண்டு எரிகல் முத்துராஜுவின் கலமல்லாவைப் பழமையிலும் பழமை என்பார்கள், அந்தக் கால எழுத்து வரிசையில் அது உண்டு. பிற்பாடு தெலுங்கு வாய் அதை ட-வாகவும் ர-வாகவும் கரைத்துவிட்டது. நம் ஏழு அங்கே ஏடு, கோழி கோடி. எங்கள் வீட்டு வாய் ய-வாகக் கரைத்தது. வகுப்பில் பல வருஷம் நடத்திய பாடம் இது. ஆனால் கரைந்தது எங்கள் அடுப்படியிலும்தான் என்று தோன்றவே இல்லை. 2014இல் யூனிகோடின் 7.0 பதிப்பு வந்தபோது 3124இல் பழைய தெலுங்கு ழ-வைக் குடியேற்றினார்கள், கல்வெட்டு பதிப்பிக்கிறவர்களுக்காக. அன்றைக்கு வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதைப் பேசினேன். பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள்.

பிரெய்ல் கற்றிருந்தால் இத்தனை சுற்று வேண்டியதில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. சரிதான். 1951இல் வந்த பாரதி பிரெய்லிலும் இதே ஏற்பாடுதான். க-வுக்கு எந்த மொழியானாலும் அதே புள்ளிகள். வேடிக்கை என்னவென்றால், பிரெய்ல் தட்டச்சும் பெர்க்கின்ஸ் இயந்திரத்தை எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, காட்பாடி வொர்த் டிரஸ்ட்டில் செய்கிறார்கள். பார்வை போனபோது எனக்கு இருபது வயது. விரல் நுனி முரண்டு பிடித்தது, நானும் முரண்டு பிடித்தேன். திரைவாசிப்பான் வந்ததும் அந்த முரண்டுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. விரலால் படிக்கிற நண்பனுக்கு நள்ளிரவில் சத்தமே இல்லாமல் புத்தகம் கிடைக்கிறது. அவனைப் பார்த்து இன்றும் எனக்குப் பொறாமை.

எண்களைக் கற்றதால் எல்லாம் திறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அச்சகங்களில் புழங்கிய பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு வந்தால், திரையில் அழகான தெலுங்கு, காதில் ஆங்கில எழுத்தும் டாலர் குறியும் கலந்த உளறல். ஓர் அலுவலகம் எனக்கு அனுப்பிய உத்தரவு, பார்வையற்ற ஊழியர்களுக்கு என்னென்ன வசதி செய்து தர வேண்டும் என்பதைப் பற்றியது, ஸ்கேன் செய்த படமாக வந்தது. கடுகு வாயே திறக்கவில்லை. உத்தரவில் என்ன இருக்கிறது என்பதை பியூன் படித்துச் சொன்னார், இரண்டு இடத்தில் இருமலோடு.

தமிழில் அழிக்கும்போது ஒன்று நடக்கும். பார்க்கிறவர்கள் கவனித்திருப்பார்கள், எனக்கு அது தனிச் சந்தோஷம். 'க்' எழுதிவிட்டு ஒரு முறை பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து போகாது, புள்ளி மட்டும் உதிரும். மெய் எழுந்து உயிர்மெய்யாகிவிடும். இலக்கணத்தில் புள்ளி வைத்தால் மெய் என்று மாமா போனில் சொல்லிக்கொடுத்ததை என் சுண்டுவிரல் அங்கேதான் புரிந்துகொண்டது.

மாமா போய்விட்டார். கடைசியாக அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு பிழை என்று சொல்லியிருந்தார், எது என்று சொல்லவில்லை. நான் இன்னும் தேடுகிறேன்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடு மறுபடி நகர்ந்தது. அதற்கு மறு வருஷம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. திருப்பதி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். இடது கண்ணிலும் புரை உண்டு, அது அடுத்த மாதம் என்றார்கள். ஆக ஒரு கண்ணில் கவசம், மறு கண்ணில் மூட்டம். இரண்டு நாள் அக்கா வீட்டில் தங்கினோம். எழுபத்தைந்து வயதில் அவளுக்கு வார இதழ் இல்லாமல் மத்தியானம் நகரவில்லை.

"அந்தப் போன் படிக்குமில்ல. படிக்கச் சொல்லு" என்றாள்.

போன் கேமராவைப் பக்கத்தின் மேல் பிடித்தேன். அக்கா நேராக்கிக் கொடுத்தாள். சமையல் குறிப்பு. இப்போதைய போன் குரல் தகரமில்லை, டிவி செய்தி வாசிக்கிற பெண் மாதிரி. நன்கு கனிந்த வாழைப்பழம் நான்கு, என்று ழ-வை நாக்கு மடித்துச் சுத்தமாகச் சொன்னது.

"இன்னாது?" என்றாள் அம்மா.

திரும்பச் சொல்ல வைத்தேன்.

"யாருடா இவ, மெட்ராஸ்காரியா? ஓடறா. நீ படி."

இயர்போனை மாட்டிக்கொண்டேன். குரல் என் காதுக்குள் ஒரு வரி சொல்லும். நிறுத்தி, அதை நான் என் வாயால் அம்மாவுக்குச் சொல்வேன். இப்படி வரி வரியாகப் போனோம். வெல்லம் எவ்வளவு, ஏலக்காய் எவ்வளவு, நெய் எப்போது. பாதியில் அக்கா அடுப்படியிலிருந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா?"

"காதுல அது பழம்னுதானே சொல்லுது?"

"ஆமா. 2996."

"நீ நாலு தடவையும் பயம்னுதான்டா சொல்ற."

அம்மா கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "சரியாத்தானே படிக்கிறான். அப்புறம்? பயத்த மசிச்சு?" என்றாள்.